மூன்றாம் நாள் காலையில் என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. சேலம் அம்மாப்பேட்டை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருடமாக டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். குரூப் 2 முதல்நிலைத் தேர்வு இரண்டு முறையும் கொஞ்சத்தில் போய்விட்டது. பகலில் மாமாவின் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். படிக்கிற மேசைக்கு மேலே கிரிக்கெட் வீரர் நடராஜன், பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் இருவரின் படத்தையும் ஒட்டிவைத்திருக்கிறேன். இருவரும் நம் மாவட்டத்துக்காரர்கள், என்னைவிடக் கஷ்டத்திலிருந்து வந்தவர்கள். மனசு சோர்ந்தால் விளையாட்டு வீரர்களின் வீடியோ பார்ப்பேன். ரத்தம் கொதிக்கும். லீவு போட்டுவிட்டு அன்றைக்கு 11 மணி நேரம் படிப்பேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் புத்தகத்தைத் தொடவே பிடிக்காது. ஒரு வாரம் சும்மா போகும். பிறகு மறுபடி வீடியோ. 'அவங்களுக்கு இருந்த வெறி உனக்கு இல்லை' என்று என் மனசே சொல்கிறது. அப்பா, 'போதும்பா, தறியப் பாரு' என்கிறார். அந்த வெறி எனக்கு எப்படி வரும்? இன்னொரு முறை எழுதலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்: 'அன்றைக்கு 11 மணி நேரம் படிப்பேன்.' நீங்கள் கேட்டதற்கான பதிலில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது.

நான் விளையாட்டு வீரர்களுக்கு உளவியல் ஆலோசனை சொல்லும் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஒரு வாரம் ஓடாமல் இருந்த பையன் திங்கள்கிழமை வந்து மைதானத்தை 40 சுற்று ஓடுகிறான். செவ்வாயும் 40 சுற்று. புதன்கிழமை கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. இவனுக்கு வெறி பற்றாது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். 'இந்த அட்டவணையை உனக்கு யார் போட்டுக் கொடுத்தது?' என்று கேட்பார். உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன்.

கடும் பயிற்சி நடக்கிற நேரத்தில் தசை வலுப்பெறுவதில்லை. அப்போது அது களைக்கிறது, நுண்ணிய அளவில் சிதையவும் செய்கிறது. வலு வருவது அதற்குப் பின்னால், தூக்கத்திலும் சாப்பாட்டிலும் ஓய்விலும். அதனால்தான் தொழில்முறை வீரரின் அட்டவணையில் கடுமையான நாளுக்குப் பக்கத்தில் லேசான நாள் ஒன்று கட்டாயம் இருக்கும். சில வாரம் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், அப்புறம் ஒரு வாரம் இறக்குவார்கள். பெரிய போட்டி நெருங்கும்போது கடைசி ஒன்றிரண்டு வாரம் பயிற்சியின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அளவைக் குறைப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆள் சும்மா இருக்கிற மாதிரி தெரியும். படிப்புக்கும் இது பொருந்தும். படித்தது மனதில் தங்குவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் அந்த லேசான நாள் வராது. ஒருவர் அரைமணி நேரம் மெதுவாக ஓடிவிட்டு, கைகாலை நீட்டி மடக்கி, மத்தியானம் படுத்துத் தூங்குவதை யாரும் பாட்டுப் போட்டுக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு வீரரின் மூன்றாம் நாள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் கால் சொல்லிக்கொடுத்துவிட்டது. கல்லூரியில் நான் 800 மீட்டர் ஓடினேன். காந்தி ஸ்டேடியத்துக்குக் காலை ஐந்தரைக்கு வருகிற பெண்கள் அப்போது நாலைந்து பேர்தான். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியே தீர வேண்டும் என்ற ஆவேசத்தில் தினமும் முழு வேகத்தில் ஓடினேன். பயிற்சியாளர் 'இன்னிக்கு மெதுவா' என்று சொன்ன நாளில்கூட, அவர் போனபிறகு தனியாக இன்னும் நாலு சுற்று ஓடுவேன். அதைத்தான் உழைப்பு என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரிசல். ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். தேர்வு நடந்த நாளில் நான் படிக்கட்டில் உட்கார்ந்து, என்னைவிட மெதுவாக ஓடுகிற பெண் தேர்வாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, 'இனிமே ஓடினதை மட்டும் எழுதாதே, ஓடாம இருந்ததையும் எழுது' என்றார். 'இன்று ஓய்வு' என்று எழுதும்போது ஆரம்பத்தில் எனக்குக் கை கூசும், ஏதோ தப்புச் செய்கிற மாதிரி. அந்தக் கூச்சம் போக ஒரு வருடம் ஆனது. இன்றைக்கு என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு நோட்டுக் கொடுக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு மலைப்பாதைக்குப் போய்ப் பாருங்கள். சேலத்திலிருந்து சைக்கிளில் ஏறுகிறவர்கள் இருப்பார்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக வருகிறவர் முதல் மூன்று வளைவை எழுந்து நின்று மிதித்துப் பறப்பார். எட்டாவது, ஒன்பதாவது வளைவில் பார்த்தால் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு ஓரத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பார். பழகியவர் கீழேயே கியரை இறக்கிக்கொண்டு, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிப்பார். இது ஓட்டக்காரர்களும் வைத்திருக்கிற அளவுதான். லேசான நாளில் முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். உங்களுடைய 11 மணி நேரம் அந்த முதல் மூன்று வளைவு.

சரி, சுவரில் இருக்கிற படங்களுக்கு வருவோம்.

நடராஜனின் எந்த வீடியோவைப் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 2020 நவம்பரில் அபுதாபியில் டிவிலியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கராக இருக்கும். இல்லாவிட்டால் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அவர் டெஸ்ட் தொப்பி வாங்கிய காட்சியாக இருக்கும். அதைப் பார்த்து நானும் அழுதேன். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். பெருமைப்படாமல் எப்படி இருப்பது? ஆனால் உங்கள் மேசைக்கு மேலே ஒட்டவேண்டிய நடராஜன், யாரும் படம் எடுக்காத வருடங்களின் நடராஜன்.

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். அதையொட்டியே அவர் பந்துவீசும் முறை மீது புகார் வந்தது. சிறு வயதிலிருந்து கைக்குப் பழகிய ஒன்றை, தன்னை ஊரிலிருந்து சென்னை வரை கொண்டுவந்த அதே ஒன்றை, பிரித்துப்போட்டு மறுபடி கட்ட வேண்டியிருந்தது. கட்டினார். 2017ல் ஐ.பி.எல். பஞ்சாப் அணி 3 கோடிக்கு ஏலம் எடுத்தது. அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். அடுத்த வருடம் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018ல் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2019லும் இல்லை. 2020ல் அமீரகத்தில் 16 ஆட்டம், 16 விக்கெட். அதற்குப் பிறகும் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவரை முதலில் தேர்ந்தெடுத்தது வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்குத்தான். மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட ஏற்பட அணிக்குள் வந்தார்.

2018, 2019 என்று எழுதும்போது அரை வரிதான் ஆகிறது. வாழ்ந்தால் அது இரண்டு வருடம். அப்படி அணியில் இருந்தும் பதினொருவரில் இல்லாத ஒரு வீரரின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வலைக்குப் போக வேண்டும். நாளைக்கு ஆடப்போகிறவர் கேட்கிற இடத்தில், கேட்கிற நீளத்தில் பந்து போட வேண்டும். ஆட்டத்தின்போது தண்ணீர் பாட்டிலோடு மைதானத்துக்குள் ஓடிவிட்டுத் திரும்ப வேண்டும். ராத்திரி தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு நேரத்துக்குத் தூங்க வேண்டும். கைதட்டல் கிடையாது. வெறியை நம்பி இரண்டு பருவம் இப்படி இருக்க முடியாது, அது அவ்வளவு நாள் தாங்காது. பயிற்சி ஒன்பது மணிக்கு என்றால் ஒன்பது மணிக்கு அங்கே நிற்கிற பழக்கம் தாங்கும். தொழில்முறை விளையாட்டு என்பதில் தொழில் என்ற சொல்லை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். தறிக்குப் போவதற்கு உங்கள் அப்பா எந்த வீடியோவும் பார்ப்பதில்லை. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறார், இழையை முடிகிறார், மறுபடி ஓட்டுகிறார். அறுந்துபோன இழைக்காகத் தன் குணத்தைப் பழித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துக்கொள்வதில்லை.

மாரியப்பனைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்துபோகும்போது பஸ் மோதி வலது கால் நசுங்கியவர் அவர். 'அவரே தங்கம் வாங்கினார், உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு' என்று பிள்ளைகளிடம் சொல்கிற பெற்றோரை, ஆசிரியர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அவர் வருடக்கணக்காகக் கற்றுத் தேர்ந்த வித்தையை விட்டுவிட்டு, காயத்தை மட்டும் எடுத்து அடுத்தவர் முதுகில் அடிக்கிற பிரம்பாக்குகிறோம். அது அவருக்கும் மரியாதை இல்லை, அடிபடுகிற பிள்ளைக்கும் நல்லது செய்யாது. நீங்கள் அந்தப் பிரம்பால் உங்களையே அடித்துக்கொள்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் காலைப் பார்க்காமல் அவர் ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள்.

உயரம் தாண்டுதலில், தொடர்ந்து மூன்று முறை கம்பியைத் தட்டினால் வெளியே போக வேண்டும். ஒரே ஒருவர் மிஞ்சிய பிறகும், அவர் விரும்பினால் கம்பியை இன்னும் ஏற்றச் சொல்லித் தாண்டிப் பார்க்கலாம். அதனால் தங்கம் வாங்கியவர்கூட அநேகமாகக் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் அன்றைய ஆட்டத்தை முடிப்பார். இன்றைக்கு உன் உயரம் இவ்வளவு என்று கம்பி சொல்கிறது. அதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. 2016ல் ரியோவில் மாரியப்பன் தாண்டியது 1.89 மீட்டர், தங்கம். 2021ல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86, வெள்ளி. 2024ல் ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டியில் 1.88, தங்கம். அதே வருடம் பாரிசில் 1.85, வெண்கலம். பாராலிம்பிக் பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்க்கிறவர் இறங்குமுகம் என்பார். எண்களைப் பாருங்கள். எட்டு வருடத்தில் வித்தியாசம் நாலு சென்டிமீட்டர். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். எட்டு வருடம் உடம்பை அந்த நாலு சென்டிமீட்டருக்குள் காத்துவைத்ததை நான் ரியோ தங்கத்துக்கு ஒரு படிகூடக் குறைவாக நினைக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் உங்களுக்கு உதவக்கூடிய விதி இன்னொன்றும் இருக்கிறது. ஓர் உயரத்தைத் தாண்டாமலே விட்டுவிட்டு அடுத்த உயரத்துக்குக் காத்திருக்கலாம். காலில் இருக்கிற பலத்தை எங்கே செலவழிப்பது என்ற கணக்கு அது. குரூப் 2, குரூப் 4, ரயில்வே, வங்கி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடுகிற பழக்கம் இருந்தால், எதையெல்லாம் தாண்டப் போவதில்லை என்று இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

இந்த இருவர் கதையிலும் வீடியோக்காரர்கள் வேகமாக ஓட்டிவிடுகிற பகுதி, கூட நின்றவர்கள். நடராஜனுக்கு ஊரில் வழிகாட்டியாக ஜெயப்பிரகாஷ் இருந்தார். அந்த நன்றிக்காகத்தான் ஜே.பி. என்ற எழுத்தைத் தன் பனியனில் போட்டுக்கொண்டு ஆடினார். மாரியப்பனின் திறமையைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கண்டுகொண்டார், பிறகு பயிற்சியாளர் சத்தியநாராயணா கிடைத்தார். எல்லாருக்கும் முன்னால், காய்கறி விற்று, மகன் சிகிச்சைக்காகக் கடன் வாங்கிய அம்மா. உங்கள் கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், ஒரு மேசை இருக்கிறது, இரண்டு படம் இருக்கிறது. கூட உட்கார்ந்து படிக்கிற ஒருவர்கூட இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். போய் விசாரியுங்கள். வகுப்பைவிட அங்கே வருகிற இரண்டு மூன்று பேரின் பழக்கம் உங்களுக்கு முக்கியம். வராத நாளில் 'ஏன் வரலை?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அப்புறம் அந்த வீடியோக்கள். பார்க்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை, வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன். தொழில்முறை வீரர்கள் தாங்கள் ஆடிய ஆட்டத்தின் பதிவை, அதிலும் தோற்ற ஆட்டத்தின் பதிவை, பயிற்சியாளரோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். உங்கள் ஆட்டத்தின் பதிவு உங்களிடமே இருக்கிறது: வினாத்தாளும் விடைக்குறிப்பும். 200 கேள்வி. மொழிப்பகுதி 100, பொது அறிவு 75, திறனறிவு 25. கொஞ்சத்தில் போய்விட்டது என்கிறீர்கள். எந்தக் கேள்விகளில் போனது? தப்பான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் காரணத்தைக் குறியுங்கள். தெரியாமல் போனதா, தெரிந்தும் அவசரத்தில் மாற்றிப் போட்டதா, நேரம் இல்லாமல் குத்துமதிப்பாகப் போட்டதா? மூன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததற்குப் புத்தகம் வேண்டும். அவசரத்துக்கு, கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதிப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் இரண்டு மணி நேரம் படி என்று சொல்வது, பந்துவீசும் முறையில் கோளாறு இருக்கிறவரை இன்னும் 100 பந்து போடு என்று சொல்வதைப் போன்றது.

டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024ல் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் தன்னுடைய கணக்கைச் சொன்னார். 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று போயிருக்கிறது. டென்னிஸில் ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்க 25 வினாடிதான் கொடுப்பார்கள். போனதை நினைத்து வருந்துவதற்கும், அதை விட்டுவிட்டு அடுத்த பந்துக்கு நிற்பதற்கும் அவ்வளவுதான் நேரம். சென்னைப் பிள்ளை குகேஷையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2024ல் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்துக்கு டிங் லிரனோடு ஆடியபோது முதல் ஆட்டத்திலேயே தோற்றார். டிசம்பர் 9ஆம் தேதி 12ஆவது ஆட்டத்தில் மோசமாகத் தோற்றார். டிசம்பர் 12ஆம் தேதி 14ஆவது ஆட்டத்தை வென்று, 18 வயதில் உலக சாம்பியன். 9ஆம் தேதி ராத்திரியை அவர் எப்படிக் கழித்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். உங்களுக்கு ஒரு காலை கெட்டுப்போனால் ஒரு வாரம் போகிறது. வெறியை எப்படி வரவழைப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்த ஒரு வாரத்தை ஒரு நாளாகக் குறைப்பது எப்படி என்று கேளுங்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பட்டறைக்குப் போவதற்கு முன்போ, வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகோ, ஏதாவது ஒரு நேரம். அந்த நேரத்தை மாற்றாதீர்கள். ஆசையாக இருக்கிற நாளிலும் ஒன்றரை மணி நேரத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மணி, ஆறாவது வாரத்திலிருந்து இரண்டரை. புதன்கிழமை லேசான நாள்: புதிய பாடம் கிடையாது, தப்பாகப் போட்ட பழைய கேள்விகளை மட்டும் 40 நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து நடக்கப் போங்கள். சனிக்கிழமை ராத்திரி மாதிரித் தேர்வு. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் புத்தகம் கண்ணில் படக்கூடாது. தட்டுவடை செட் சாப்பிடப் போங்கள், நண்பர்களைப் பாருங்கள். படிப்பதற்காகப் பட்டறைக்கு லீவு போடுவதை அடியோடு நிறுத்துங்கள்.

புத்தகத்தைத் தொடவே பிடிக்காத காலை வரத்தான் செய்யும். அந்த மாதிரி நாளில் எங்கள் ஓட்டக்காரர்களிடம் சொல்வது இதுதான்: ஷூவைப் போடு, மைதானத்துக்கு வா, பத்து நிமிடம் மெதுவாக ஓடு. அதற்கப்புறமும் முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போ, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். வந்தவர்களில் அநேகம் பேர் திரும்பிப் போவதில்லை. நீங்களும் பத்து நிமிடம் உட்காருங்கள். முடியாவிட்டால் எழுந்துவிடுங்கள். நோட்டில் 'பத்து நிமிடம்' என்று எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு உட்காருங்கள். நேற்று விட்டதைச் சேர்த்துப் படிக்காதீர்கள். காயத்திலிருந்து வருகிறவர் விட்ட ஓட்டத்தையெல்லாம் முதல் நாளே ஓடித் தீர்க்க நினைத்தால் மறுபடி காயம்தான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, இன்னொரு முறை எழுதலாமா என்பது.

உழைத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நடராஜனோடு டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள் எல்லாரும் இந்திய அணிக்குப் போகவில்லை. 1984ல் லாஸ் ஏஞ்சலீஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவின் நேரம் 55.42 வினாடி, மூன்றாவதாக வந்தவருக்கு 55.41. நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் போனது. அந்த இடைவெளி அவருடைய உழைப்பையோ குணத்தையோ அளக்கவில்லை. பின்னால் அவர் கேரளத்தில் நடத்துகிற பள்ளியில் பயின்ற டின்டு லூகா 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். அது 800 மீட்டர் என்பதால் எனக்குத் தனி சந்தோஷம். கதவு மூடிய இடத்திலிருந்து நடக்க வேறு வழிகள் இருக்கின்றன, அந்த வழியில் போகிறவர் தோற்றவர் இல்லை.

இருந்தாலும், உங்கள் விஷயத்தில் என் கருத்து: எழுதுங்கள். மூன்று வருடம் படித்ததாக நினைக்கிறீர்கள். நீங்களே கொடுத்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் படிப்பு, ஒரு வாரம் சும்மா. மாதத்துக்கு ஆறேழு நாள் வருகிறது. அதை வைத்துக்கொண்டே கட்-ஆஃப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறீர்கள். ஒழுங்கான ஒரு வருடப் பயிற்சி உங்களுக்கு இதுவரை ஒருமுறைகூட நடக்கவில்லை. நடக்காத ஒன்றை வைத்து உங்களால் முடியாது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனால் எல்லையை இப்போதே போடுங்கள். நல்ல பயிற்சியாளர், வீரர் தோற்றுவிட்டு வருகிற சாயங்காலத்தில் எதிர்காலத்தைப் பேச மாட்டார். பருவம் தொடங்கும் முன்பே பேசி எழுதிவைப்பார். நீங்களும் எழுதுங்கள்: இன்னும் ஒரு குரூப் 2, ஒரு குரூப் 4. ஆறு மாதத்தில் மாதிரித் தேர்வில் இந்த மதிப்பெண். அது வராவிட்டால் என்ன வேலை, எங்கே கற்றுக்கொள்வது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரிந்தால் முதல் வழியில் பயம் குறையும்.

இன்னொன்று. சரியாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை அட்டவணையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம். குகேஷ் அந்தப் பட்டத்துக்குத் தயாரானபோது பாடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரோடு வேலை செய்தார். உதவி கேட்பது அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குச் சாதாரணம்.

கடைசியாக உங்கள் அப்பா. 'போதும்பா' என்று அவர் சொல்வதை நீங்கள் நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற மகனைப் பார்க்கத் தாங்காமலும் ஓர் அப்பா அப்படிச் சொல்வார். தறி நிற்கிற நேரமாகப் பார்த்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எல்லை போட்டிருப்பதைக் காட்டுங்கள். பிறகு, தினமும் ராத்திரி நோட்டைப் பார்த்து அன்றைய தேதிக்கு ஒரு டிக் போடுகிற வேலையை அவரிடம் கேட்டுக் கொடுங்கள். பத்து நிமிடம் என்று எழுதிய நாளுக்கும் டிக் உண்டு, ஓய்வு என்று எழுதிய நாளுக்கும் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். புதன்கிழமைப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன்.